வாக்கியம் முடியும்வரை

பிறர் பேச்சை அவள் ஒருநாளும் முடித்துவைத்ததில்லை. எதிரில் இருப்பவர் ஒரு சொல்லுக்குத் திணறினால் நாம் அதை எடுத்துக் கொடுத்துவிடுவோம். பாதியிலேயே புரிந்துவிட்டதென்று தலையை ஆட்டுவோம். அவள் ஆட்டமாட்டாள். ரவிக்கைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, விரித்த கத்தரிக்கோலை அப்படியே நிறுத்தி, பேசுகிறவர் முகத்தைப் பார்த்தபடி இருப்பாள். அரியலூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்கள் அவளிடம் அளவு கொடுக்கப் போனால் முதலில் கொஞ்சம் மிரளுவார்கள்.

"கழுத்து வந்து... ரொம்பவும் இல்லாம... கொஞ்சம்..." என்று இழுப்பார்கள்.

உதவிக்கு ஒரு சொல்லும் வராது.

"சொல்லுங்க, துணி எங்கயும் ஓடிடாது" என்பாள். கடைசியில் அவர்களே சொல்லி முடித்துவிட்டு, மனப்பாடம் ஒப்பித்த சிறுமியைப் போல மூச்சு விடுவார்கள்.

நான் அப்போது அங்கே கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் அவள் வீட்டு முன்னறையில் சிறிது நேரம் உட்காருவது வழக்கமாகிவிட்டது. வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். ஒரு வரியின் முதல் பாதியைக் கண்டதும் மறுபாதியை ஊகிப்பது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் அவள் முன்னால் மட்டும் கூசும். அவளிடம் எதையாவது சொல்லத் தொடங்கினால், சொல்ல வந்ததை உண்மையாகவே சொல்லியாக வேண்டும்.

அவள் கணவர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை வைத்திருந்தார். எங்கள் நூலகத்து எந்திரம் மூச்சை நிறுத்தும்போதெல்லாம் வந்து உயிர் கொடுத்துவிட்டுப் போவார். பேச்சில் கிண்டல் அதிகம். ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, "மேடம், இதுக்குள்ள இருக்கற தூசியில ஒரு போகம் கடலை போடலாம்" என்றார். அந்தக் கிண்டலைச் சுமந்த நாக்குதான் பிறகு புரளாமல் போயிற்று.

கைவிரல்கள் திருப்புளியைப் பிடிக்க மறுத்ததில் அது தொடங்கியது. திருச்சியில் பார்த்த மருத்துவர், தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் என்றும், கண்ணும் காதும் புத்தியும் கடைசிவரை தெளிவாகவே இருக்கும் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு மட்டும் உடனே புரிந்தது. கை முழுவதும் போவதற்குள் தனக்கு ஒரு வாயைச் செய்துகொள்ள வேண்டுமென்று முடிவெடுத்தார். கடையில் கிடந்த பழைய சாமான்களைக் கொண்டு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார். மதர்போர்டு ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப்போட்டது. ரேம் அட்டைகள் இரண்டும் வேறு வேறு எந்திரங்களில் வேலை பார்த்தவை. ஹார்ட் டிஸ்க் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டருடையது. திரை எங்கள் நூலகத்தில் ஏலத்துக்குப் போனது. அதன் மூலையில் நூலக எண் எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். மஞ்சள் ஒளி ஒன்று அவற்றின்மேல் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு அது வரும்போது விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த எழுத்து கீழே விழும். பழைய மவுஸிலிருந்து கழற்றிய அந்தப் பொத்தானைத் தன் வலது சுட்டுவிரலுக்கு அடியில் தானே ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டார். அதுவே அவர் கடைசியாகச் செய்த வேலை. சில மாதங்களில் அந்த ஒரு விரலைத் தவிர மற்றெல்லாம் அடங்கிவிட்டது.

முன்னறையில் கட்டில் போட்டார்கள். பக்கத்தில் ஒரு மேஜைமேல், அவர் கண்ணுக்கு நேரே திருப்பிவைத்த திரை. கால்மாட்டில் அவளுடைய தையல் எந்திரமும், அளவு பார்க்க வருகிறவர்களுக்கான ஆளுயரக் கண்ணாடியும். கம்ப்யூட்டர் பெட்டி மேஜைக்கு அடியில், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. கழுத்தைத் திருப்ப அவரால் முடியாது.

எங்கள் தெருவைத் தொட்டுக்கொண்டுதான் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகும். காலையில் துடைத்த மேஜையில் மதியம் பெயரெழுதலாம். அதனால் தெருவில் எல்லா வீட்டிலும் எல்லாப் பொருளுக்கும் உறை உண்டு. தொலைக்காட்சிக்கு, மிக்சிக்கு, தண்ணீர்க் குடத்துக்குக்கூட. பெரும்பாலும் அவள் தைத்தவை. என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அவள் கொடுத்த பூப்போட்ட உறையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் நின்றது.

அவர் திரையில் எழுதுவதைப் பார்ப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். ஒரு சொல் விழுவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். வருகிறவர்கள் இரண்டு எழுத்து விழுந்ததுமே போட்டி போட்டுக்கொண்டு ஊகிப்பார்கள்.

"வலி... வலிக்குதுன்னு சொல்றாரு!"

"இல்லடி, வலது பக்கம் திருப்பச் சொல்றான்!"

அவள் தையலை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அவங்க சொல்லிக்கிட்டிருக்காங்க" என்பாள்.

அவளுடைய மாமியாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. ஒருநாள் திரையில் 'தண்ணி' என்று விழுந்தது. அவள் எழவில்லை. மாமியார் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏன்டி, எம் புள்ள என்ன பரீட்சையா எழுதறான்? தண்ணின்னு தெரியுதுல்ல, குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

"இருங்கத்த. இன்னும் முடிக்கல."

ஒளி வரிசைகளில் ஏறி இறங்கியது. 'தண்ணி வேணாம் ஃபேனை நிறுத்து' என்று வாக்கியம் முடிந்தது. மாமியார் சொம்போடு நின்றார். இது அவளுக்குச் சாதகமான கதை. பாதகமானதும் உண்டு. மற்றொரு நாள் வெயிலில் அதே சொல் விழுந்தபோது அவள் அதே போலக் காத்திருந்தாள். அது வெறும் தண்ணீராகவே இருந்தது. 'கொடு' என்ற இரண்டு எழுத்தை அவர் தேடிப் பிடிக்கும்வரை அவருடைய உதடுகள் வெடித்துக் கிடந்ததை நானும் பார்த்தேன். கரண்டியால் அவள் தண்ணீர் புகட்டியபோது மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவர், அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. அவள் காத்திருந்தது அன்பா, பிடிவாதமா என்று எனக்கே அப்போது தெளிவில்லை.

மறுநாள் அவரே அதைப் பற்றி எழுதினார். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொல்லி, காலை முழுவதும் செலவழித்து எழுதினார்: 'அவ பொறுத்திருக்கறதால நான் பேசறேன். நீங்க குடுத்தா நான் வாங்கிக்கிறேன். அவ்வளவுதான்.'

மாமியார் படிக்கத் தெரியாதவர். நான் படித்துக் காட்டினேன். "ஆமா, ரெண்டு பேரும் ஒண்ணு" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

எழுத்துகளை வாயால் ஒப்பித்து, அவர் கண் சிமிட்டும் இடத்தில் நிறுத்தலாமே என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன். செய்தும் பார்த்தோம். அவருடைய இமைகள் காரணமில்லாமலும் துடிக்கும். எது விடை, எது துடிப்பு என்று பிரிக்க முடியவில்லை. அவருடைய தம்பி, விரலால் திரையைத் தொட்டு எழுதுகிற பெரிய டேப்லெட் ஒன்றை வாங்கிவந்தான். அவருடைய விரல் அழுத்துமே தவிர நகராது. ஆக, அந்தப் பழைய பெட்டி ஒன்றே வழி.

அந்தப் பெட்டிதான் நின்றுபோகத் தொடங்கியது.

முதல் முறை அவர் தம்பியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற அந்தத் தம்பி, அன்று கட்டிலருகே நின்று பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். 'நீ ஓட்டற லட்சணத்துக்கு லாரியே' என்று விழுந்தது. பிறகு பட்டென்று திரை கறுத்தது. எல்லோரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"லாரியே என்னன்னு சொல்லல" என்றாள்.

திரும்பப் போட்டால் உடனே எழவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் எழுந்தது. அவர் எழுதியது போயிருந்தது. மறுபடி தொடங்க அவருக்குத் தெம்பில்லை. அந்தக் கிண்டல் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பிறகு அது அன்றாடமாயிற்று. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் பேச வேண்டுமானால் அது ஓட வேண்டும். அது ஓடுகிற கொஞ்ச நேரத்துக்குள், எழுத்தெழுத்தாக, அதை எப்படிச் சரிசெய்வதென்று அதன் வழியாகவே அவர் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அது நின்றுவிடும். இதைவிடக் கொடிய முடிச்சை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

'ரேம் ரெண்டையும் கழட்டி ரப்ப' என்பதோடு ஒருமுறை நின்றது.

"ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்றாரு அண்ணி. ஆடுதுல்ல, லாரி போறப்ப" என்றான் தம்பி.

"அவங்க அப்படிச் சொல்லலியே தம்பி."

"வேற என்னத்த ரப்பர வச்சிப் பண்ணுவாங்க?"

"எனக்குத் தெரியாது. எழுந்திரிச்சதும் சொல்லுவாங்க."

எந்திரம் எழுந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து, 'ரப்பரால தேய்' என்றார். பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் அந்த அட்டைகளின் பொன்னிறப் பற்களைத் தேய்க்க வேண்டும். அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும் என்று பிற்பாடு புரிந்தது. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்து, அதன் உறையைக் கழற்றி மடித்து வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிக் கிண்ணத்தில் போட்டாள். சரிகைத் துணியைப் பிடிக்கிற விரல்களால் அந்தப் பற்களைத் தேய்த்தாள். மூடிப் போட்டதும் ஓடியது. நன்றாக ஓடியது. அவர், 'உன்னைக் கடையில வேலைக்குச் சேர்த்துக்கலாம்' என்று எழுதினார். அவள் பெட்டியைத் துடைத்து, உறையை மாட்டி, உள்ளே தள்ளினாள். சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது.

ரேம் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். ஓடியது, பிறகு நின்றது. மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஒன்று உள்ளே இருக்குமாம், அதை மாற்றச் சொன்னார். தம்பி பெரம்பலூருக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் வாங்கிவந்தான். ஓடியது, பிறகு நின்றது.

எங்கள் தெருவுக்கு அப்பால் சோளக்கொல்லையும் பருத்தியும்தான். "த்ரீ பேஸ் கரண்டு வந்தா எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடுது அண்ணி, லைட்டே மங்குது, கம்ப்யூட்டர் எப்படித் தாங்கும்?" என்றான் தம்பி. அது நியாயமாகப்பட்டது. ஸ்டெபிலைசர் வந்தது. மாமியார், கண் பட்டிருக்கிறதென்று எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி மேஜையின் இரு பக்கமும் வைத்தார். ஸ்டெபிலைசரும் எலுமிச்சையும் சேர்ந்து காத்தும் பயனில்லை.

பெரம்பலூர்க் கடைக்காரர் ஒருமுறை நேரில் வந்து பார்த்தார். வெகுநேரம் பெட்டியைத் திறந்துவைத்து ஓட்டினார். ஒரு குறையும் இல்லை. "நல்லாத்தானேங்க ஓடுது. வேற சிஸ்டத்துக்கு மாத்தலாம்னா, அண்ணே அவரு கையால என்னமோ பண்ணி வச்சிருக்காரு. நான் தொட்டு, அந்த எழுத்து ஓடறது நின்னு போச்சுன்னா என்ன பண்றது? அவரே வந்து உக்காந்தாத்தான் ஆவும்" என்று கட்டிலைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் திருச்சிக்குப் போய்வந்தார்கள். விரலும் போய்விடும் என்றார் மருத்துவர். எப்போது என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு திரை கறுக்கும்போதெல்லாம் நாங்கள் முதலில் அவருடைய விரலைத்தான் பார்த்தோம். அந்த விரலில் இனி எத்தனை எழுத்துகள் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் பெட்டி அவற்றில் ஒரு கைப்பிடியை விழுங்கிக்கொண்டிருந்தது. அவரும் கிண்டலை விட்டார். எந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதினார். விரலின் அழுத்தம் குறைந்து, வேண்டிய எழுத்தை ஒளி தாண்டிப் போய்விடும். மறுபடி அது சுற்றிவர வேண்டும். அவள் தைப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். கொடுத்த ரவிக்கையைக் கேட்டு வந்தவர்களிடம், "வேற எடத்துல குடுங்க. கோவிச்சுக்காதீங்க" என்று துணியைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒருநாள் 'எப்ப நிக்குது' என்று எழுதினார்.

"எல்லாம் நீங்க சொன்னபடி பண்ணி, நல்லா ஓடுதான்னு பாத்து, சுத்தம் பண்ணி வச்சிட்டு வரேங்க. அப்புறம்தான் நிக்குது" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு மதியம், அவர் கண்ணயர்ந்திருந்தபோது, அவள் தன் பெண்பார்த்த கதையைச் சொன்னாள். அரும்பாவூரில் அவள் பிறந்த வீடு. கூடம் நிறைய உறவுக்காரர்கள். மாப்பிள்ளையிடம் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்களாம்.

"இவங்க 'எனக்கு ஒண்ணு...'ன்னு ஆரம்பிச்சாங்க அக்கா. அதுக்குள்ள எங்க பெரியப்பா, 'புடிச்சிருக்காம், புடிச்சிருக்காம்! எலைய போடுங்கப்பா'ன்னுட்டாரு. எல்லாரும் ஒரே சிரிப்பு. கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு நான் கேட்டேன், அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்கன்னு. 'எனக்கு ஒண்ணு கேக்கணும், அந்தப் பொண்ணுக்குச் சம்மதமான்னு' அப்படின்னு கேக்க வந்தாங்களாம். என்னைப் பத்தி ஒரே ஒரு ஆளுதான் கேக்க நெனச்சிருக்காரு. அதையும் கேக்க வுடல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவங்க பேச்சை யாரையும் முடிக்க வுடக்கூடாதுன்னு."

சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். அவர் விழித்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

கடைசி முயற்சியாக ஒரு பசையைச் சொன்னார். கம்ப்யூட்டரின் மூளை போன்ற சில்லுக்கும் அதன் மேலிருக்கும் விசிறிக்கும் நடுவில் தடவுகிற சாம்பல் நிறப் பசை. நாள்பட்டால் காய்ந்து, சூட்டைக் கடத்தாமல் விட்டுவிடுமாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு பகல்கள் ஆயின. நடுவில் பலமுறை திரை கறுத்தது. தம்பி மறுபடி பெரம்பலூர் போனான். பழைய பசையை அவள் பஞ்சால் ஒற்றி எடுத்து, புதியதைத் தையல் ஊசியின் முனையால் பரப்பினாள். ஓடியது. ஒரு மதியம் முழுக்க ஓடியது. நானும் தம்பியும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியார் எல்லோருக்கும் டீ போட்டார். பிறகு அவள் வழக்கம்போல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். டீ டம்ளர்களைக் கழுவிவைத்துவிட்டு வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது.

அன்றுதான் அவள் உடைந்ததைப் பார்த்தேன். தையல் எந்திரத்தின் பலகையில் நெற்றியை வைத்தாள். சத்தமே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அவருடைய கண்கள் அந்த முதுகின்மேல் இருந்தன. கூப்பிட அவருக்கு வழியில்லை. தம்பி பெட்டியை மறுபடி போட்டான். அது எழும்வரை அவர் காத்திருந்தார். எழுந்ததும் மஞ்சள் ஒளி நகரத் தொடங்கியது.

'பெட்டியைப் பாக்கணும்.'

கட்டிலைத் திருப்ப இடமில்லை. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தாள். பிறகு கால்மாட்டிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கைகாட்டினாள். நானும் தம்பியும் அதைத் தூக்கிவந்து, மேஜைக்கு அடியில் இருப்பது அவருடைய கண்ணுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தோம்.

"இன்னும் கொஞ்சம் சாச்சிப் புடிங்க அக்கா. அங்கதான். தெரியுதாங்க?"

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒளி நகர்ந்தது.

'அது என்ன'

அவள் குனிந்து பார்த்தாள். தம்பியும் நானும் பார்த்தோம். வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. பெட்டி இருந்தது. உறை இருந்தது.

"எதுங்க?"

'பெட்டிக்கு எதுக்கு சட்டை'

"அது உறைங்க" என்றாள் அவள். "லாரித் தூசி கூடிப்போச்சேன்னு அப்புறமா நான் தச்சது. தூசி உள்ள போவாம பாத்துக்கன்னு நீங்கதானே சொன்னீங்க, பேச்சு வந்தப்ப. கீழ்ப்பக்கம்கூட நாடா வச்சி இழுத்துக் கட்டியிருக்கேன். ஒரு பொட்டுத் தூசி போவாது."

உண்மைதான். நீல நிறத் தடித்த துணியில், உள்ளுக்கு ஒரு மடிப்பு வைத்து, ஓரங்களில் வெள்ளைப் பட்டை கொடுத்து, கம்பிகள் வெளியே வர மட்டும் ஒரு சிறு துவாரம் விட்டுத் தைத்திருந்தாள். தெருவில் இருந்த உறைகளிலேயே அதுதான் மிகவும் கவனமாகத் தைக்கப்பட்டது. காற்று போகவும் வரவும் ஓர் ஊசிமுனை இடமும் அதில் இல்லை. திறந்து வேலை பார்க்கும்போது அது கழன்றிருந்தது, ஓடியது. வேலை முடிந்து அவள் போர்த்திவிட்டபோது மூச்சடைத்துச் சூடேறி நின்றது. வீட்டில் எல்லாமே உறை போட்டிருக்கையில் இந்த உறையை யார் கவனிப்பார்கள்?

ஒளி மறுபடி நகரத் தொடங்கியிருந்தது. பெட்டி எந்த நொடியிலும் நின்றுவிடக்கூடும். நாங்கள் கண்ணாடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றோம். 'அ' விழுந்தது. 'ழ' விழுந்தது. ஒளி ஒரு வரிசையைத் தாண்டிப் போய், சுற்றிவந்தது. 'கா' விழுந்தது.

"கழட்டச் சொல்லுவாரு அண்ணி, கழட்டிடுங்க, நின்னுடப் போவுது!" என்று தம்பி பதறினான்.

அவள் உறையைத் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அழகா இருக்கு' என்று வாக்கியம் முடிந்தது. அதற்கடுத்த வரியில், 'கழட்டு.'

அவள் நாடாவை அவிழ்க்கவில்லை, அறுத்தாள். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் வெப்பம் முகத்தில் அடித்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நானே அவங்க வாயைப் பொத்திட்டேன் அக்கா" என்றாள். "இத்தனை நாளா நான்தான் பொத்தி வச்சிருக்கேன்."

அவர்தான் பதில் எழுதினார், பெட்டி இப்போது நிற்காது என்ற நம்பிக்கையில், மெதுவாக: 'நாந்தானே தூசின்னேன். எழுந்திரு. அம்மாவுக்கு டிவி உறையையும் கழட்டணுமான்னு கவலை.' மாமியார் உண்மையிலேயே தொலைக்காட்சியை ஒட்டி, அதன் உறையை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார்.

அதன் பிறகு அந்தப் பெட்டி ஒருமுறையும் நிற்கவில்லை. அவள் தினமும் காலையில் அதைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பாள். அவருடைய பேச்சு சில வாரங்கள் தடையில்லாமல் ஓடியது. தம்பியின் லாரியைப் பற்றிப் புதிய கிண்டல்கள் வந்தன. அம்மாவின் ரசத்தில் புளி கூடிவிட்டது என்ற புகார் வந்தது. நூலகத்திலிருந்து நான் கொண்டுபோய் வாசித்துக் காட்டிய கதையொன்றுக்கு, 'இந்த ஆளு நடுவுல தூங்கிட்டான்' என்று விமர்சனமும் வந்தது. ஆனால் வாக்கியங்கள் குறுகிக்கொண்டே வந்தன. ஒளி ஒரு எழுத்துக்காக முன்பைவிடப் பல சுற்று சுற்றியது.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை; நூலகம் காலையிலேயே முடிந்து நான் அங்கே போயிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. அவள் காலையிலிருந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, விரிப்பு மாற்றி, ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் எழுத்துகள் விழத் தொடங்கின.

'நீ சாப்பிட்'

அதோடு நின்றது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் ஒளி வரிசை வரிசையாக நகர்ந்து, கடைசி எழுத்தைத் தொட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவருடைய சுட்டுவிரல் பொத்தானின் மேல் கிடந்தது. அழுத்தவில்லை.

"சாப்பிட்டியான்னு கேக்கறான்" என்றார் மாமியார், மெல்ல.

"சாப்பிட்டுட்டு வான்னு சொல்றாரு அண்ணி" என்றான் தம்பி.

அவள் அந்த விரலைத் தன் கையால் சற்று உயர்த்தி, பொத்தானின் நடுவில் சரியாக வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். ஒளி சுற்றியது. ரவிக்கை கேட்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். உள்ளே பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனாள். லாரிகள் போயின. வெயில் கட்டிலின் காலிலிருந்து சுவருக்கு ஏறியது. ஒளி சுற்றிக்கொண்டே இருந்தது. மாமியார் தாங்க மாட்டாமல் எந்திரத்தை அணைக்க மின்விசைப் பொத்தானில் கை வைத்தார். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். மாமியார் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு எடுத்துவந்தாள். நாற்காலியைக் கட்டிலின் பக்கத்திலிருந்து இழுத்து, திரைக்கு முன்னால், அவர் கண்ணை எங்கும் திருப்பாமலே தன்னைப் பார்க்கும்படி போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் திரையின் ஓரத்தில் மஞ்சள் ஒளி வந்து வந்து மறைந்தது.

சோற்றைப் பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்து, அவருடைய கண்ணுக்கு நேரே கொஞ்சம் நிறுத்தி, வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். அடுத்த கவளத்தை எடுத்தாள். அவருடைய கண்கள் தட்டிலிருந்து அவள் வாய்க்கும், வாயிலிருந்து தட்டுக்கும் போய்வந்தன. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

முடித்ததும் தட்டை அவர் பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள்.